பலிக்காத ஜெபங்களுக்கு ஒரு சாட்சிக் கூட்டம்

ஜெபம் பலிக்காவிட்டால் சபையாரிடம் என்ன சொல்வது என்று இறையியல் கல்லூரியில் எனக்கு ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பலித்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. நம்முடைய வேலையில் அதுதான் பெரிய ஆபத்து.

புதிதாக அங்கி போட்டிருக்கும் உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதையும் கல்யாணம் நடத்துவதையும் அடக்கம் பண்ணுவதையும் வேறு யாராவது சொல்லித் தருவார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெயருக்குப் பதிலாக அவருடைய தம்பியின் பெயரை வாசித்தவன் நான். அதையெல்லாம் நான் சொல்லித் தரக் கூடாது. என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். என்றைக்காவது நீங்கள் ஜெபித்து ஒருவருக்குச் சுகம் கிடைத்துவிட்டால், அன்றிலிருந்து உங்கள் தலையை எப்படி அதன் பழைய அளவிலேயே வைத்துக்கொள்வது என்பது. நானாக வைத்துக்கொள்ளவில்லை. எனக்காக அந்த வேலையைச் செய்ய ஒரு ஆஸ்பத்திரி வார்டும் சில விசுவாசிகளும் என் மனைவியும் தேவைப்பட்டார்கள்.

கொல்கத்தாவில் நம் தமிழ்ச் சபைக்குப் போகிறவர்கள் முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒன்றைக் கவனிப்பீர்கள். பிரசங்கத்தில் நீங்கள் ஒரு நகைச்சுவை சொன்னால் பெரியவர்கள் உடனே சிரிப்பார்கள். பிள்ளைகள் கொஞ்சம் பொறுத்துச் சிரிப்பார்கள், பக்கத்தில் இருப்பவர் வங்காளியில் எடுத்துச் சொன்ன பிறகு. எனக்கு அது வசதியாக இருந்தது. ஒரு நகைச்சுவைக்கு இரண்டு சிரிப்பு.

அந்தச் சபையில் ஞானராஜ் அண்ணாச்சி என்று ஒருவர். தென்தமிழ்நாட்டு நாசரேத் ஊர்ப் பக்கத்துக்காரர். ஜாதவ்பூரில் பல்கலைக்கழகத்துக்கு அருகில் தோசைக்கடை வைத்திருந்தார். காலையிலிருந்து கல்லுக்கு முன்னால் நிற்பார். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சபையில்கூடப் பின்வரிசையில் தூணில் சாய்ந்து நின்றுதான் பிரசங்கம் கேட்பார். மாணவர்கள் அவரை 'அன்னாதா' என்று கூப்பிடுவார்கள். நம்முடைய அண்ணாவோடு அவர்களுடைய தாதாவையும் சேர்த்துக் கட்டிய பெயர். அண்ணன் என்பதை இரண்டு மொழியில் இரண்டு தடவை சொன்னால்தான் அவருடைய உடம்புக்குப் போதும்.

அவருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அண்ணாச்சி மாத்திரையும் சாப்பிட்டார், தெருமுனை இளநீரை எல்லாம் காலி செய்தார். இதற்கிடையில் ஒரு சாயங்காலம் நான் போய் அவர் வயிற்றில் கை வைத்து ஜெபித்தேன். அன்றைக்கே கல் வெளியே வந்துவிட்டது.

நம் சபைகளில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரியும். பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில், ஆண்டவர் நன்மை செய்தவர்கள் மைக்குக்கு வந்து சொல்வார்கள். நன்மை நடக்காதவர்கள் தங்கள் இடத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு மைக் கிடையாது. அடுத்த ஞாயிறு அண்ணாச்சி வந்தார். கல் எப்படி உருண்டது, எங்கே நின்றது, எப்படி விழுந்தது என்று ஒவ்வொரு கட்டமாகச் சொன்னார். விழுந்த சத்தத்தையும் மைக்கில் செய்து காட்டினார். மாத்திரையைப் பற்றியும் இளநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. நான் எழுந்து அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சபை துதிப்பாட்டை ஆரம்பித்துவிட்டது. திறந்த வாயை வீணாக்காமல் நானும் சேர்ந்து பாடினேன்.

பிறகு என் தொழில் வளர்ந்தது. விசாவுக்கு வந்தார்கள், சென்னைக்கு மாற்றலுக்கு வந்தார்கள், பல்கலைக்கழகத் தேர்வுக்கு வந்தார்கள். எனக்குள் சில மாற்றங்கள் ஏற்பட்டன. நடை மெதுவானது. குரல் அடித்தொண்டைக்கு இறங்கியது. தொலைபேசியில் 'ஹலோ' என்பதை விட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டுப் பேச ஆரம்பித்தேன். என் மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு வல்லமை இருக்குல்ல, அந்தத் தண்ணி மோட்டார் மேல ஒரு தடவை கைய வைங்க. பிளம்பர் மூணு நாளா வரலை" என்றாள். தீர்க்கதரிசிக்குத் தன் வீட்டில் மதிப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன். மோட்டாரில் கை வைக்கவில்லை. ஷாக் அடிக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு காலையில் அண்ணாச்சியின் மனைவி எஸ்தர் கூப்பிட்டார்.

"ஐயா, இவியளுக்குச் சுகர்ல கால் விரல் கறுத்துப் போச்சு. ஆஸ்பத்திரியில கெடக்காவ. வெட்டணும்னு டாக்டரம்மா சொல்லுதாவ. இவிய சம்மதிக்க மாட்டேங்காவ."

"ஏன்?"

"நீங்க வந்து ஜெபிச்சா போயிரும்னு சொல்லுதாவ."

டாக்குரியாவில் எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் சீக்கிரம் போய்விடலாம். அன்றைக்கு நான் இன்னும் சீக்கிரமாகப் போனேன். ஆட்டோவில் ஏறும்போது என் நெஞ்சில் கவலை இருந்தது. அந்தக் கவலைக்கு அடியில், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது. 'வெட்டவே வேண்டாம் என்று டாக்டர்கள் திகைத்து நின்றார்கள்' என்று ஒரு வாக்கியம் தானாக மனதில் ஓடியது. யாரோ மைக்கில் சொல்வதுபோல.

வார்டு வாசலிலேயே அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். வங்காளிப் பெண்மணி, என் மகள் வயது. 'பாதர்' என்று கூப்பிட்டார். நான் பாதர் இல்லை, பாஸ்டர் என்று சொன்னேன். அவருக்கு அதில் ஆர்வம் இல்லை.

"பாதர், உங்க கடவுளோட எனக்கு ஒரு சண்டையும் கிடையாது," என்றார் ஆங்கிலமும் வங்காளியுமாக. "மதியம் எனக்கு ஆபரேஷன் தியேட்டர் இருக்கு. அதுக்குள்ள அவர் சரின்னு சொல்லணும். இன்னைக்குன்னா விரல்கள். நாளைக்குன்னா பாதம். அதுக்கப்புறம் காலைப் பத்திப் பேச மாட்டேன், ஆளைப் பத்தித்தான் பேசுவேன்."

உள்ளே அண்ணாச்சி படுத்திருந்தார். அவரை அதுவரை படுக்கையாக நான் பார்த்ததில்லை. கட்டில் சின்னதாகத் தெரிந்தது. எஸ்தர் காலடியில் நின்றார். பக்கத்துக் கட்டிலில் குடலிறக்கத்துக்கு வந்திருந்த ஒரு வயதான வங்காளி, சால்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நாளாக அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை என்பது தெரிந்தது.

"வந்துட்டியளா ஐயா. கல்லுக்குப் பண்ணினியள்லா, அதே ஜெபம். வேற ஒண்ணும் வேண்டாம்," என்றார் அண்ணாச்சி. "அன்னைக்கு இடது கையை வச்சிய. இன்னைக்கும் இடது கையே வைங்க."

என் இடது கை உயர்ந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அது பாதி தூரம் போய்விட்டது. ஒருவேளை நடந்துவிட்டால் என்று எனக்குள் ஒருவன் கேட்டான். அப்போது எஸ்தர் போர்வையை விலக்கினார். மூக்குக்கு அந்த வாடை வந்தது. வாடை பொய் சொல்லாது. கை இறங்கிவிட்டது.

"அண்ணாச்சி, டாக்டரம்மா சொல்றபடி கேளுங்க. ஆண்டவர் டாக்டர் மூலமாவும் சுகம் கொடுப்பார்."

"சந்தேகப்படுதவன் கடல் அலை மாதிரி, அவனுக்கு ஒண்ணும் கெடைக்காதுன்னு ஈஸ்டருக்கு முந்தி நீங்கதான சொன்னிய?"

என் பிரசங்கத்தை யாரும் கவனிப்பதில்லை என்று என் ஊழிய காலம் முழுக்க வருத்தப்பட்டிருக்கிறேன். கவனித்த ஒரே ஆள் இப்படியொரு இடத்தில், இப்படியொரு நேரத்தில் அகப்பட்டார். அவர் நின்றுகொண்டு கேட்டதால்தான் தூங்கவில்லை போலும்.

"அந்தக் கல் மாத்திரையில போச்சு அண்ணாச்சி. இளநீர்ல போச்சு. நான் ஒண்ணும் செய்யலை."

அண்ணாச்சி எஸ்தரைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா, எவ்வளவு தாழ்மை. இதனாலதான் ஆண்டவர் இவியள எடுத்து உபயோகிக்காரு."

நான் ஒன்றுமில்லாதவன் என்றேன், என் மதிப்பு ஏறியது. நான் பாவி என்றேன், இன்னும் ஏறியது. தாழ்மையைப் பற்றி நீங்கள் எத்தனையோ குறிப்பு எடுத்திருப்பீர்கள். இதையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நம்முடைய வாயால் நம்மைத் தாழ்த்திப் பேசுவது சுலபம், ஏனென்றால் அதை ஒருவரும் நம்புவதில்லை. அது மாலையாகத் திரும்பி வந்து நம் கழுத்திலேயே விழுகிறது. அதுவரை எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. அன்றைக்கு அந்த மாலை ஒரு மனிதனின் காலைக் காவு கேட்டது.

நடைபாதைக்கு வந்து நின்றேன். என் மதிப்பை நான் குறைக்க முடியாது. மற்றவர்கள்தான் குறைக்க வேண்டும். யாருக்கெல்லாம் ஜெபித்து நடக்கவில்லை என்று போனில் பெயர்களைத் தள்ளிப் பார்த்தேன். ஆள் பஞ்சம் இல்லை. யாரை விடுவது என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

முதலில் வின்சென்ட்டைக் கூப்பிட்டேன். சால்ட் லேக்கில் செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவர், கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"வின்சென்ட், உங்க பழைய வேலை போகக் கூடாதுன்னு ஜெபிச்சேனே, ஞாபகம் இருக்கா?"

"போயிடுச்சே ஐயா."

"அதேதான். அதை இங்க ஆஸ்பத்திரியில வந்து சொல்லணும்."

"எல்லார் முன்னாடியுமா?"

"ஆமா."

"நடந்தது நடந்தபடியே சொல்லலாமா?"

"ஒண்ணு விடாம."

"இதோ கிளம்பிட்டேன் ஐயா."

அந்தக் குரலில் இருந்த உற்சாகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. பைபாஸ் நெரிசலையெல்லாம் தாண்டி, ஞாயிறு ஆராதனைக்கு ஒருநாளும் வராத வேகத்தில் வந்து சேர்ந்தார். என் மனைவியை நான் கூப்பிடவில்லை. கேள்விப்பட்டுத் தானாக வந்தாள். கூடவே எஸ்தருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கிருபா டீச்சரும் வந்தார். அவரையும் நான் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்குத் தைரியம் இருந்திருக்காது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று வார்டு நர்ஸ் கதவை மறித்தார். டாக்டரம்மா தலையை நீட்டி, "விடு. எனக்கு ஒரு 'சரி' வாங்கிக் கொடுத்தா டோல் மேளம் அடிச்சுக்கிட்டுக்கூட வரட்டும்" என்றார்.

கட்டிலைச் சுற்றி நின்றோம். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "அண்ணாச்சி, இப்ப ஒரு சாட்சி நேரம். இதுவரைக்கும் மைக் கிடைக்காதவங்க பேசுவாங்க" என்றேன்.

வின்சென்ட் ஒரு அடி முன்னே வந்தார். "அண்ணாச்சி, எங்க ஆபீஸ்ல ஆள் குறைக்கிறாங்கன்னு ஐயாகிட்ட சொன்னேன். எரிகோ மதிலை ஏழு தடவை சுத்தி விழவச்சாங்கல்ல, அதே மாதிரி உங்க ஆபீஸைச் சுத்தி வந்து ஜெபிப்போம்னாரு. ஒரு சனிக்கிழமை நானும் ஐயாவும் செக்டர் ஃபைவ்ல அந்த பில்டிங்கைச் சுத்த ஆரம்பிச்சோம். மூணாவது சுத்துல செக்யூரிட்டி வந்து பிடிச்சுட்டான். நோட்டம் பார்க்க வந்த திருடங்கன்னு நினைச்சிருக்கான். ஐயா அவன்கிட்ட எரிகோ கதையை இந்தியில சொன்னாரு. மதிலை விழவைக்க வந்திருக்கோம்னு சொன்னா அவன் என்ன பண்ணுவான், சூப்பர்வைசரைக் கூப்பிட்டுட்டான். திங்கட்கிழமை மதில் அப்படியே இருந்துச்சு. நான் விழுந்துட்டேன்."

பக்கத்துக் கட்டில்காரர் வின்சென்ட்டின் சட்டையை இழுத்து, என்ன பேசுகிறீர்கள் என்று வங்காளியில் கேட்டார். வின்சென்ட் மறுபடி முதலிலிருந்து வங்காளியில் சொன்னார், செக்யூரிட்டியின் நடையையும் நடித்துக் காட்டி. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குடலிறக்கம் இருப்பவர் அப்படிச் சிரிக்கக் கூடாது என்று நர்ஸ் அதட்டினார். எங்கள் பாடாவின், அதாவது எங்கள் தெருவின், பூஜைக் கமிட்டியிலும் இப்படி ஒரு கூட்டம் போட வேண்டும் என்றார் அவர்.

அண்ணாச்சி அசரவில்லை. "வின்சென்ட், உனக்கு விசுவாசம் பத்தலை" என்றார்.

"சுத்தினது நானு, விசுவாசம் பத்தலையாம்ல," என்றார் வின்சென்ட் என் மனைவியிடம்.

என் மனைவி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். முப்பத்தைந்து வருடமாக அவள் சாட்சி சொன்னதே இல்லை. கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தேன். "இவரோட முழங்காலுக்கு இவரே ஜெபிச்சார் அண்ணாச்சி. சபையை எல்லாம் முழங்கால்ல நிக்கச் சொல்லிட்டு, இவர் மட்டும் பிரசங்க பீடத்தைப் பிடிச்சுக்கிட்டு பாதி மடங்குறாரே, பார்த்ததில்லையா? தைலம் தேய்க்கிறது நான். தலைமுடிக்கும் ஜெபிச்சார். அதை நீங்களே பார்க்கிறீங்க. குறட்டை நிக்கணும்னு ஒரு ஜெபம் இருக்கு, அது நடக்கலை, ஆனா அது என் ஜெபம். அதை இவர் கணக்குல சேர்க்கக் கூடாது."

"அம்மா, நீங்க ஐயாவைக் கேலி பண்ணுதிய. வீட்டுக்காரம்மா எல்லாரும் அப்படித்தான்."

அப்போது யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. எஸ்தர். "நானும் ஒண்ணு சொல்லுதேன். இவியளுக்குக் கோவம் குறையணும்னு ஐயாகிட்ட ஜெபிக்கச் சொல்லி எட்டு வருசமாச்சு."

"எனக்கா கோவம்? எவ சொன்னா எனக்குக் கோவம்னு?" என்று அண்ணாச்சி கத்திய கத்தலில் ட்ரிப் கம்பி ஆடியது.

எல்லோரும் அந்தக் கம்பியைப் பார்த்தோம். நர்ஸ்கூடத் திரும்பி அதைப் பார்த்தார். மொழி தெரியாத அவருக்கே அந்தச் சாட்சி புரிந்துவிட்டது.

அண்ணாச்சி போர்வையைக் கால் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "சின்ன விசயமெல்லாம் ஆண்டவர் விட்டிருப்பாரு. இது கால்லா," என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். என் திட்டம் தோற்றுவிட்டது. என் மானத்தைக் கட்டில் கட்டிலாக ஏலம் விட்டும் ஒரு 'சரி' வாங்க முடியவில்லை. ஏமாற்றத்தோடு இன்னொன்றையும் கவனித்தேன். இந்தத் திட்டமாவது பலிக்கும் என்று நான் பெருமையோடுதான் நின்றிருந்தேன். தாழ்மையையே ஒரு தந்திரமாக்கி, அதற்கும் பலனை நானே எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கிருபா டீச்சர் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார்.

அவரை ஏன் கூப்பிடவில்லை என்று சொல்கிறேன். அவர் கணவர் ரயில்வேயில் இருந்தவர். அவருக்கு உடம்பு முடியாமல் போனபோது நான் கல்லின் புகழோடு போய்ச் சத்தமாக ஜெபித்தேன். ஜெபித்ததோடு நின்றிருக்கலாம்.

"எங்க வீட்டுக்காரவிய கிறிஸ்மஸுக்கு முந்தி எழும்பி சபைக்கு வருவாவன்னு ஐயா சொன்னாரு," என்றார் டீச்சர் சாதாரணமாக, வருகைப் பதிவு வாசிப்பதுபோல. "வந்தாவ. பெட்டியில."

வின்சென்ட் அதை மொழிபெயர்க்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரரும் கேட்கவில்லை.

அண்ணாச்சியின் குரல் இறங்கிவிட்டது. "பொறவு ஏன் டீச்சர் சபைக்கு வாரிய?"

"இவருக்காகவா வாரேன்?" என்று டீச்சர் என்னைக் காட்டினார். "எனக்கு ஆண்டவர் மேல கோவம் அண்ணாச்சி. இனி அவருகூடப் பேசக் கூடாதுன்னு இருந்தேன். சபைக்கு வரலை, வேதத்தைத் திறக்கலை. ஆனா வீட்டுல வேற ஆளு இல்லை. சண்டை போடவாவது ஒருத்தரு வேணுமே. அடுப்படியில நின்னுக்கிட்டு அவரைத்தான் ஏசிக்கிட்டு இருந்தேன். ஏசுத ஏச்செல்லாம் கேட்டுக்கிட்டு அவரும் போகாம இருந்தாரு. நான் கேட்டதை அவரு தரலை. அதுக்காக அவரு இல்லைன்னு ஆகலை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "நீங்க சொல்லுங்க. விசுவாசத்துல படுத்திருக்கியளா, பயத்துல படுத்திருக்கியளா?"

அண்ணாச்சி உதட்டைக் கடித்துக்கொண்டார். பெரிய உடம்பு. அந்த உடம்பு குலுங்குவதைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது.

"விரல் போச்சுன்னா தோசைக்கல்லுக்கு முன்ன நிக்க முடியாது டீச்சர். நிக்கலைன்னா நான் யாரு? கத்தின்னாலும் பயமாத்தான் இருக்கு. வெளிய சொன்னா கேவலம். ஐயா பேரைச் சொன்னா ஒருத்தரும் கேலி பண்ண மாட்டாவல்லா."

நான் முன்னே போனேன். என்னிடம் நல்ல பதில்கள் மூன்று நான்கு இருந்தன, எல்லாமே அடித்தொண்டைக் குரலுக்கு ஏற்றவை. அவற்றை எல்லாம் விட்டுவிட்டேன். "எனக்கும் பயமா இருக்கு அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன். வேடிக்கை என்னவென்றால், அதை அவர் தாழ்மை என்று எடுத்துக்கொள்ளவில்லை. உண்மை என்று எடுத்துக்கொண்டார்.

"அந்த டாக்டரம்மாவை வரச் சொல்லு எஸ்தரு," என்றார்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. ஏற்றும்போது என் கையைப் பிடித்தார். "ஐயா, ஜெபம் பண்ணுங்க."

"இவ்வளவு கேட்ட பிறகுமா?"

"உங்களை நம்பியா கேக்கேன்? நீங்க சும்மா சொல்லுங்க, கேக்கதுக்கு அவரு இருக்காருல்லா."

எனக்கு ஜெப வார்த்தைகள் அந்தக் காலத்தில் குழாயைத் திறந்ததுபோல வரும். கட்டளையிடுகிறேன், கட்டவிழ்க்கிறேன், இந்த நிமிஷமே என்று வரும். பெரும்பாலும் ஆண்டவருக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மேனேஜர் போலத்தான் இருக்கும். அன்றைக்கு அவற்றில் ஒன்றும் பொருந்தவில்லை. "ஆண்டவரே, இவர் உம்முடையவர். கத்தி பிடிக்கிற கையும் உம்முடையது. எங்களுக்குப் பயமாக இருக்கிறது. கூட இரும். ஆமென்" என்றேன்.

"ஷேஷ்?" என்றார் பக்கத்துக் கட்டில்காரர். முடிந்துவிட்டதா என்று கேட்கிறார். இத்தனை பேச்சுக்குப் பிறகு இவ்வளவுதானா என்று முகத்தில் பெரிய ஏமாற்றம்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, விரல்களோடு போயிற்று, ஸ்தோத்திரம் என்று உங்களுக்குச் சொல்ல ஆசை. நீங்களும் அதை ஒரு பிரசங்கத்தில் பயன்படுத்துவீர்கள். ஆனால் சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்து, உள்ளே பார்த்தால் நினைத்ததைவிடப் பரவியிருந்தது, பாதத்தில் பாதி எடுக்க வேண்டியதாயிற்று என்றார். உயிருக்குப் பயமில்லை. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் அதையும் சொல்லியிருக்க முடியாது என்றார். எஸ்தர் அழுதார். டீச்சர் அவரைப் பிடித்துக்கொண்டார். நான் அங்கே நின்றேன். நிற்பது மட்டும்தான் அன்று என் வேலையாக இருந்தது, அதை ஒழுங்காகச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

இப்போது அண்ணாச்சி ஒரு உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து தோசை சுடுகிறார். உட்கார்ந்து சுடும் தோசை ஒரு பக்கம் தடித்துப்போகிறது. பிள்ளைகள் அதையும் சாப்பிடுகிறார்கள். ஜாதவ்பூர் போனால் நீங்களும் சாப்பிடுங்கள், குறை சொல்லாதீர்கள். எஸ்தரின் ஜெபம் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

நான் உங்களுக்கு எடுத்து வைக்க நினைத்தது அறுவை சிகிச்சைக்கு மறுநாள் காலையில் நடந்தது. பார்க்கப் போனேன். அண்ணாச்சி விழித்திருந்தார். கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் என்று சொல்லிவிட்டுப் பாதி பாதத்தை எடுத்துவிட்டார்கள் என்று யாரோ ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

"கோவம் வருது ஐயா," என்றார். "யாரு மேல கோவப்படணும்னு தெரியலை."

"என் மேல படுங்க அண்ணாச்சி. நான்தானே உங்களை உள்ளே போகச் சொன்னேன். எனக்குப் பழக்கம்தான்."

அவர் என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். தோசைக்கு மாவு போதுமா என்று பார்க்கும் பார்வை.

"உங்க மேல கோவப்பட்டு என்ன பிரயோசனம்? உங்க கையில ஒண்ணுமே இல்லையே."

எத்தனையோ பிரிவுபசாரக் கூட்டங்களில் என்னைப் பற்றி எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். இவ்வளவு சரியாக ஒருவரும் சொன்னதில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. வெகு நாளாகத் தலையில் சுமந்துவந்த எதையோ ஒருவர் இறக்கி வைத்தது போல இருந்தது. அது என் சுமையே அல்ல என்று அந்த நொடியில்தான் தெரிந்தது.

"அவருகிட்ட நானே பேசிக்கிடுதேன்," என்றார் அண்ணாச்சி. "நீங்க வெளிய நில்லுங்க. அந்தத் திரையை இழுத்து விட்டுட்டுப் போங்க."

இழுத்து விட்டுவிட்டு நடைபாதையில் வந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் கேட்டது. முதலில் முணுமுணுப்பு, பிறகு நல்ல சத்தம். நாசரேத் பக்கத்து வசவுகளில் நான் மறந்துபோயிருந்த சிலவும் வந்தன. நடுநடுவே நிறுத்தி, எதிராளிக்குப் பேச இடம் கொடுப்பதுபோல ஒரு மௌனம்.

நர்ஸ் ஓடிவந்தார். "போன்ல பேசுறாரா? வார்டுல போன் கூடாதே."

"போன் இல்லை தீதி." அங்கே நர்ஸ் அக்காமார் எல்லாருமே தீதிகள்தான்.

அவர் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "யாரோடயோ சண்டை போடுறார், பாதர். உங்க ஆள்தானே. உள்ளே போய்ச் சமாதானப்படுத்துங்க."

"வேண்டாம் தீதி," என்றேன். "இப்பத்தான் நல்லாப் போய்க்கிட்டிருக்கு. நான் போனா கெடுத்துருவேன்."